தண்ணீர் மசகில் அயனித் திரவம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வருகிறவர்கள் அயனித் திரவத்தை, அதாவது குறைந்த வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பை, மசகாகத் தண்ணீரில் கலந்து, சோதனைக் கருவியில் உராய்வுக் கோடு கீழே இறங்கியதுமே ஜெயித்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். எடை பிசகுவது, சரியாகக் கலக்காமல் விடுவதெல்லாம் போகப்போகத் தானே சரியாகிவிடும், அதை விடுங்கள்.

ஃபுளூரின் உள்ள எதிரயனி

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. 2001-ல் மசகுத் துறை அயனித் திரவங்கள் பக்கம் திரும்பியதே இமிடசோலியம் டெட்ராஃபுளூரோபோரேட் வகையால்தான் என்பதால், பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் நேராக அதையே வாங்கிவிடுகிறார்கள். தண்ணீரில் நன்றாகக் கரைகிறதே என்ற சந்தோஷம் வேறு! அந்தக் கட்டுரைகளில் அது தண்ணீர் சேர்க்காமல் தனியாக மசகாக இருந்தது. தண்ணீரில் போட்டால் அதன் எதிரயனி, அதாவது உப்பின் எதிர்மின் பகுதியான டெட்ராஃபுளூரோபோரேட், கொஞ்சம் கொஞ்சமாக நீராற்பகுப்பு அடைந்து (தண்ணீரோடு வினைபுரிந்து உடைந்து) ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தை விடும். அது எஃகையும் அரிக்கும், கண்ணாடியையும் அரிக்கும், தோலில் பட்டால் உள்ளே இறங்கிக் காயமாக்கும்.

ஒரு மாணவர் இப்படித்தான் சோதனை முடிந்த எஃகுத் தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் தேய்மானத் தடத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம், தடத்துக்கு வெளியே, தட்டின் மேல் உரசும் சோதனைக் குண்டு தொடவே தொடாத இடத்தில் பொடிப்பொடிக் குழிகள். குண்டு தொடாத இடத்தில் குழி விழுந்தால் அது தேய்மானமே இல்லை, அரிப்பு. அவரோ மசகு போதவில்லை என்று சொல்லி அளவைக் கூட்டி மறுபடி ஓட்டினார், மறுபடி கூட்டினார். பிஎச் தாள் ஒரு துண்டு நனைத்திருந்தால் போதும், அத்தனை தட்டும் பிழைத்திருக்கும்.

ஹாலஜன் (ஃபுளூரின், குளோரின் போன்றவை) இல்லாத பாஸ்பேட், கார்பாக்சிலேட் வகைகளில் ஒன்றைப் பாருங்கள். அப்போதும் உராய்வுக்கு முன்னால் எஃகுத் துண்டு ஒன்றைக் கரைசலில் ஊறப்போட்டு எடை பாருங்கள்.

மிச்சக் குளோரைடு

தயாரிப்பில் தங்கிவிடும் குளோரைடும் குழி போடும். சில்வர் நைட்ரேட் சொட்டு விடுங்கள், வெண்மையாகக் கலங்கினால் திருப்பி அனுப்புங்கள்.

தண்ணீர் வற்றுவது

மூடாத கிண்ணத்தில் ஓட்டினால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே போகும், நீங்கள் போட்ட 1 சதவீதம் கடைசியில் 1 சதவீதமாகவே இருக்காது. சோதனையின் பிற்பகுதியில் உராய்வு திடீரென விழுந்தால் சந்தேகப்படுங்கள்: அப்போது வேலை செய்வது வற்றி மிஞ்சிய அயனித் திரவப் படலமாக இருக்கலாம். மூடியோடு ஓட்டுங்கள், முன்னும் பின்னும் எடை எடுங்கள்.

வெறும் தண்ணீரோடு ஒப்பீடு

வெறும் தண்ணீரோடு ஒப்பிட்டால் எதைப் போட்டாலும் ஜெயிக்கும். அதே அளவு அமீன் சோப்பு (கொழுப்பமிலமும் அமீனும் சேர்ந்தது) கரைசலோடு ஒப்பிடுங்கள்.

கடின நீர்

கார்பாக்சிலேட்டில் கொழுப்பமில வகை, கடின நீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து திரிந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்தாதீர்கள்.