விளையாட்டு டிசைனில் சாய்வெழுத்து: எங்கே சொதப்புகிறது?

கபடி ஜெர்சி, மாரத்தான் போஸ்டர், ஜிம் பெயர்ப்பலகை என்றாலே தடித்த, கூரான வெட்டுகள் கொண்ட இட்டாலிக் (சாய்வெழுத்து) ஃபான்ட்தான் பலருக்கும் முதலில் தோன்றும். தேர்வு சரிதான். கையாளும் விதத்தில்தான் அது கெட்டுப்போகிறது.

முதல் தவறு, இட்டாலிக்கே இல்லாத ஃபான்ட்டை மென்பொருளில் தள்ளிச் சாய்ப்பது. ஆன்டன் ஃபான்ட்டுக்கு இட்டாலிக் கிடையாது. அதை வலப்பக்கம் சாய்த்தால் ஆங்கில ‘ஓ’வின் வலது மேல்வளைவு கனத்துவிடும், இடது மேல்வளைவு மெலிந்துவிடும். காரணம் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ உறுத்தும். கனித் மாதிரி ஒன்பது தடிமன்களுக்கும் தனித்தனி இட்டாலிக் உள்ள ஃபான்ட் குடும்பத்தை எடுங்கள். அதில் மிகத் தடித்த பிளாக் இட்டாலிக் மேல் மறுபடி போல்டு பொத்தானை அழுத்த வேண்டாம்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. நம் ஃபான்ட்களில் பெரும்பாலானவற்றுக்கு இட்டாலிக்கே இல்லை. அதனால் எல்லோரும் தள்ளித்தான் சாய்க்கிறார்கள். ண, ன போன்றவற்றின் சுழிகள் தடித்த எழுத்தில் ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும். சாய்த்ததும் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் இன்னும் ஒடுங்கி, தூரத்தில் வெறும் கறுப்புப் பொட்டாகத் தெரியும். அப்புறம் புள்ளி. 10 செ.மீ. உயர எழுத்தை 15 பாகை சாய்த்தால் அதன் உச்சி சுமார் 2.7 செ.மீ. வலப்பக்கம் நகரும். ஜெர்சியில் ‘வேங்கைகள்’ என்று அணியின் பெயரை எழுதினால் கடைசிப் புள்ளி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; பெயர் நெஞ்சின் நடுவில் இல்லாததுபோல் தோன்றும். அனெக் தமிழ் ஃபான்ட்டின் ஒடுக்கமான, தடித்த வடிவத்தை நேராகவே வைத்து, பின்னால் ஒரு சாய்ந்த பட்டை போடுவதுதான் என் விருப்பம். வேகத்தை அந்தப் பட்டை தந்துவிடும், பெயரும் தெளிவாக இருக்கும்.

எண்களை அழகுக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். கூரான வெட்டுகள் உள்ள ஃபான்ட்டில் 3, 6, 8, 9 நான்கும் ஒரே பெட்டிபோல் ஆகிவிடும். ஓடும் ஆட்டக்காரரின் முதுகில் துணி மடங்கும்போது நடுவருக்கு எது தெரியும்? சிறிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, அறையின் மறுமுனையிலிருந்து பாருங்கள். எண்களை வினைல் தாளில் வெட்டி ஜெர்சியில் ஒட்டுவதாக இருந்தால் ஊசிபோன்ற முனைகளைக் கொஞ்சம் மழுக்குங்கள். துவைக்கத் துவைக்க அவைதான் முதலில் உரியும்.

அவுட்லைன் போடும்போது கோடு எழுத்தின் உட்பக்கத்தைத் தின்றுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் அப்பியரன்ஸ் பேனலைத் திறந்து, புது ஸ்ட்ரோக் (கோடு) ஒன்றைச் சேர்த்து, அதை எழுத்துக்குக் கீழே இறக்கினால் போதும்.

சாய்வு வலப்பக்கம் போகும்போது வீரர் இடப்பக்கம் ஓடும் படத்தை அருகில் வைக்காதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். நிகழ்ச்சி விவரம், தொலைபேசி எண் போன்றவற்றுக்கு இந்த ஃபான்ட் வேண்டாம், சாதாரண நேரெழுத்து போதும்.

உரிமத்தையும் பாருங்கள். கனித், அனெக் இரண்டும் திறந்த உரிமம் உள்ளவை, ஜெர்சி அடித்து விற்கலாம். ‘இலவசம்’ என்று கிடைக்கும் பல ஃபான்ட்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. ஆர்டர் எடுக்கும் முன்பே அவற்றின் உரிமக் கோப்பைப் படித்துவிடுங்கள்.