11:1 பெரிதா, 10:1 பெரிதா? டர்போ இன்ஜினின் அமுக்க விகிதத்தைக் கணக்கிட்டு அறிவோம்

காரின் விவரப் பட்டியலில் கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது அமுக்க விகிதம், அதிகமாக இருந்தால் அதுவே மேலான இன்ஜின் என்று பலர் முடிவு செய்கிறார்கள். டர்போ, அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும் கருவி, இல்லாத இரண்டு இன்ஜின்களை ஒப்பிட இது ஓரளவு உதவும். டர்போ இன்ஜினுக்கு உதவாது. 2017இல் இந்தியாவில் வந்த பெலினோ ஆர்எஸ் காரின் 998 சிசி டர்போ இன்ஜினையும், அப்போதைய சாதாரண பெலினோவின் 1197 சிசி இன்ஜினையும் வைத்து இதைப் பார்ப்போம். இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 73 மி.மீ. தான்.

படி 1: பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு

சாதாரண பெலினோவில் பிஸ்டன் 71.5 மி.மீ. நகர்கிறது. ஆரம் 3.65 செ.மீ. என்பதால் சிலிண்டரின் குறுக்குப் பரப்பு 41.85 சதுர செ.மீ.; அதை 7.15ஆல் பெருக்கினால் ஒரு சிலிண்டருக்கு 299.3 சிசி.

படி 2: மேலே எஞ்சும் இடம்

பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகும், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் குழிவு, இரண்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் தடிமன் ஆகியவற்றால் சிறிது இடம் எஞ்சும். பிஸ்டன் கடக்கும் கொள்ளளவோடு இந்த இடத்தைக் கூட்டி, அதே இடத்தால் வகுத்தால் வருவதே அமுக்க விகிதம். சாதாரண பெலினோவின் விகிதம் 11 என்பதால், அதில் ஒன்றைக் கழித்து, 299.3ஐ 10ஆல் வகுத்து, எஞ்சும் இடம் 29.9 சிசி என்று அறியலாம். ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி அளவு. ஆர்எஸ் இன்ஜினில் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 79.5 மி.மீ., விகிதம் 10. அதற்கு இதே கணக்கைப் போட்டால் 37 சிசி வரும்.

படி 3: அமுக்கும்போது ஏறும் சூடு

காற்றை அமுக்கினால் அது சூடேறும். வெளிக்காற்று 27 டிகிரி செல்சியஸ் என்று கொண்டால், வெப்ப இழப்பைச் சேர்க்காத கோட்பாட்டுக் கணக்குப்படி, 11:1 இன்ஜினில் அமுக்கத்தின் முடிவில் வெப்பநிலை சுமார் 510 டிகிரியும், அழுத்தம் ஏறத்தாழ 29 மடங்கும் ஆகும். இந்தச் சூடு எல்லை மீறினால், ஸ்பார்க் பிளக் மூட்டிய நெருப்பு வந்து சேருமுன்பே மூலையில் உள்ள பெட்ரோல்-காற்றுக் கலவை தானாக வெடிக்கும்; அதுவே நாக்கிங்.

படி 4: டர்போவைச் சேர்த்துப் பார்த்தல்

டர்போ காற்றின் அழுத்தத்தை இருமடங்காக்கி, இன்டர்கூலர் அதை 57 டிகிரிக்குக் குளிர்வித்து அனுப்புவதாகக் கொள்வோம். 10:1 இன்ஜினில் இப்போது வெப்பநிலை சுமார் 556 டிகிரி, அழுத்தம் வெளிக்காற்றைப் போல 50 மடங்கு. பட்டியலில் சிறிய எண் உடைய இன்ஜின்தான் நாக்கிங் எல்லைக்கு அருகில் நிற்கிறது. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சி, அது ஆவியாகும்போது கலவையைக் குளிரச் செய்வதால்தான் ஆர்எஸ் இன்ஜினில் 10 வரை போக முடிந்தது.

பத்தை இரண்டால் பெருக்கி "உண்மையான விகிதம் 20:1" என்று சொல்வோரும் உண்டு. அதை ஏற்க வேண்டாம். 27 டிகிரி காற்றை 20:1 இன்ஜினில் அமுக்கினால் 720 டிகிரியைத் தாண்டிவிடும். இன்டர்கூலர் உள்ள டர்போ இன்ஜினில் அவ்வளவு ஏறுவதில்லை. மேலும், எரிந்த வாயு விரிவடைவது அதே 10 மடங்குதான் என்பதால் 20:1 தரும் எரிபொருள் சிக்கனமும் கிடைக்காது.

சாதாரண இன்ஜினில் வெளிப் பட்டறையில் டர்போ பொருத்த நினைப்பவர்கள், விகிதத்தைக் குறைக்கத் தடித்த கேஸ்கெட் போடுவதுண்டு. மேற்சொன்ன சிலிண்டரில் 1 மி.மீ. தடிமன் கூடினால் எஞ்சும் இடம் 34.1 சிசியாகி, விகிதம் 9.8க்கு இறங்கும். ஆனால் பிஸ்டனின் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையிலான இடுக்கு அகன்று, கலவையைச் சுழற்றிவிடும் வேகம் குறைவதால், நாக்கிங் நினைத்த அளவுக்குக் குறையாது. விகிதத்தைக் குறைத்தே ஆக வேண்டுமானால், மேற்பரப்பில் குழிவு கூடிய பிஸ்டனைப் போடுவதே முறை.