அமெரிக்காவில் வாழும் அப்பா அம்மாவுக்கு மெடிகேர்: வருமானம் குறைவு என்றால் எங்கிருந்து தொடங்குவது?

மெடிகேர் என்பது பெரும்பாலும் 65 வயதானவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவக் காப்பீடு. அந்த வயது நெருங்கும்போதே தபால்பெட்டி நிரம்ப ஆரம்பிக்கும். "மாதம் 0 டாலர்", "பல் வைத்தியம் இலவசம்" என்று காப்பீட்டுக் கம்பெனிகளின் வண்ண வண்ணக் காகிதங்கள். அத்தனையையும் ஒரு ஓரமாக வையுங்கள். எந்தத் திட்டம் என்று முடிவு செய்வது கடைசி வேலை. கையில் பணம் குறைவாக இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது, மாநில அரசின் உதவிக்கு விண்ணப்பிப்பது. என் அத்தைக்கு நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். அதனால் எட்டு மாதம் மெடிகேரின் டாக்டர் செலவுக் கட்டணம் (பார்ட் பி) அவருடைய சிறிய பென்ஷனிலிருந்து போனது. அந்தப் பணம் போயிருக்கவே வேண்டாம் என்று பிறகுதான் தெரிந்தது.

படி 1: மெடிகேர் கிடைக்குமா?

மெடிகேரில் சேரப்போகிறவரோ அவருடைய கணவன்/மனைவியோ அமெரிக்காவில் 40 காலாண்டுகள், அதாவது சுமார் பத்து ஆண்டுகள், வரி கட்டி வேலை பார்த்திருந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ இலவசம். மகனும் மகளும் எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் அது பெற்றோர் கணக்கில் வராது. பலர் ஏமாறும் இடம் இது.

வேலை பார்க்காத பெற்றோர் கிரீன் கார்டுடன் தொடர்ந்து 5 ஆண்டுகள் இங்கே வசித்திருந்தால் பணம் கட்டிச் சேரலாம். 2026-ல் பார்ட் ஏ மாதம் 565 டாலர் வரை, டாக்டர் செலவுக்கான பார்ட் பி 202.90 டாலர். தொகையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அடுத்த படி இதற்காகத்தான்.

சேர 7 மாத அவகாசம் உண்டு: தகுதி வரும் மாதம், அதற்கு முன் மூன்று, பின் மூன்று. தவறவிட்டால் ஒவ்வொரு 12 மாதத் தாமதத்துக்கும் பார்ட் பி கட்டணத்தில் 10% அபராதம் ஏறும்.

படி 2: மாநிலத்தின் கதவைத் தட்டுங்கள்

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். இங்கே இரண்டு உதவிகள் இருக்கின்றன. ஒன்று மெடிகெய்ட், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. கலிபோர்னியாவில் மெடி-கால் என்பார்கள், மாநிலத்துக்கு மாநிலம் பெயரும் விதியும் மாறும். இன்னொன்று மெடிகேர் சேவிங்ஸ் புரோகிராம், மெடிகேர் கட்டணத்தை நமக்காக மாநிலமே கட்டும் உதவி. இதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

அதில் கியூ.எம்.பி. என்ற பிரிவுதான் பெரிய வரம். பார்ட் ஏ, பார்ட் பி கட்டணம், டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை), டாக்டரிடம் கட்டும் பங்குத் தொகை எல்லாம் இதில் அடங்கிவிடும். மெடிகேர் டாக்டரோ ஆஸ்பத்திரியோ கியூ.எம்.பி. உள்ளவருக்கு மிச்சப் பணம் கேட்டு பில் அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. வந்தால் உடனே கட்டாமல், கியூ.எம்.பி. அட்டையையோ கடிதத்தையோ காட்டுங்கள். 2026-ல் இதற்கான வருமான வரம்பு தனியாளுக்கு மாதம் சுமார் 1,350 டாலர், தம்பதிக்குச் சுமார் 1,824. அதைவிடச் சற்று அதிகம் இருந்தாலும், தனியாளுக்குச் சுமார் 1,816 வரை, பார்ட் பி கட்டணத்தை மட்டும் கட்டித்தரும் பிரிவுகள் உண்டு. நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் வரம்பு இன்னும் தாராளம்.

பல மாநிலங்களில் சேமிப்பும் பார்ப்பார்கள். குடியிருக்கும் வீடும் ஒரு காரும் கணக்கில் வராது. ஊரில் வங்கியில் போட்டிருக்கும் டெபாசிட் வரும். அதை மறைக்காமல் எழுதுங்கள். மகன் வீட்டில் இருப்பதாலேயே மகன் சம்பளம் சேராது. ஆனால் கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் செய்தவரே அந்த மகன் என்றால், அம்மா குடியுரிமை பெறும் வரை மகனின் வருமானமும் சேர்க்கப்படலாம். விண்ணப்பிக்கும் முன் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பார்ட் ஏ-க்குப் பணம் கட்ட வேண்டியவர்கள் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில், "கியூ.எம்.பி. கிடைத்தால் மட்டும் எனக்குப் பார்ட் ஏ வேண்டும்" என்று நிபந்தனையோடு பதிவு செய்யக் கேளுங்கள். கவுன்ட்டரில் இருப்பவருக்கே சில சமயம் இது புதிதாக இருக்கும். பொறுமையாகத் திரும்பச் சொல்லுங்கள். மாநிலம் கட்டணத்தை ஏற்றுக்கொண்டால் படி 1-ல் சொன்ன தாமத அபராதமும் போய்விடும்.

படி 3: மருந்துக்கு எக்ஸ்ட்ரா ஹெல்ப்

மெடிகெய்டோ மேலே சொன்ன பிரிவுகளில் ஏதாவது ஒன்றோ கிடைத்தால் இது தானாக வந்துவிடும். மற்றவர்கள் சோஷியல் செக்யூரிட்டியில் தனியாக விண்ணப்பிக்கலாம். மாத்திரைக்குச் சில டாலர்தான் ஆகும்.

படி 4: சாப்பாட்டு மேசையில் ஒரு தாள்

அத்தையின் மாத்திரை டப்பாவைக் கொட்டி, ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பிப் பார்த்து எழுதினோம். பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை. ஒன்பது வந்தது. அதில் இரண்டு ஒரே மருந்து, வேறு வேறு பெயரில்! அடுத்த பத்தியில் டாக்டர்கள்: குடும்ப டாக்டர், கிட்னி டாக்டர், கண். இந்தத் தாள் கையில் இல்லாமல் எந்த ஏஜென்ட்டிடமும் பேசாதீர்கள்.

படி 5: இப்போது திட்டம்

வழி இரண்டு. ஒரிஜினல் மெடிகேரும் (அரசே நேரடியாகத் தரும் பார்ட் ஏ, பார்ட் பி) மருந்துக்குத் தனியாகப் பார்ட் டி-யும் என்பது ஒன்று. மெடிகேர் எடுக்கும் எந்த டாக்டரிடமும் போகலாம். மற்றது, மெடிகேரும் மெடிகெய்டும் இரண்டும் உள்ளவர்களுக்குத் தனியார் கம்பெனிகள் நடத்தும் டி-ஸ்நிப் திட்டம். பல், காது, போக்குவரத்து என்று கூடுதலாகத் தருவார்கள். பதிலுக்கு, அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் போக வேண்டும், சில சிகிச்சைகளுக்கு முன்அனுமதியும் வாங்க வேண்டும்.

என் கருத்தைச் சொல்கிறேன். நான்கைந்து டாக்டர்களைப் பார்க்கும் நோயாளி என்றால் முதல் வழி நிம்மதி. உடம்பு ஓரளவு நன்றாக இருந்து பல்தான் பிரச்சினை என்றால் டி-ஸ்நிப் பார்க்கலாம், தாளில் உள்ள ஒவ்வொரு டாக்டருக்கும் நீங்களே போன் செய்து கேட்ட பிறகு. அத்தையை ஒரு ஏஜென்ட் சேர்த்துவிட்ட திட்டத்தில் கிட்னி டாக்டர் இல்லை. "அவர் நல்லாத்தான் பேசினார்ப்பா" என்றார் அத்தை. மெடிகெய்டோ எக்ஸ்ட்ரா ஹெல்ப்போ உள்ளவர்கள் எந்த மாதத்திலும் ஒரிஜினல் மெடிகேருக்கும் தனி பார்ட் டி-க்கும் திரும்பலாம் என்பதால் அதைச் சரிசெய்ய முடிந்தது.

தனியாக முடிவெடுக்கத் தயக்கமா? ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. எண் 1-877-839-2675. அவர்கள் எதையும் விற்பதில்லை. மெடிகேரின் 1-800-633-4227 எண்ணில் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். "தமிழ்" என்று சொன்னால் போதும்.

படி 6: ஊருக்குப் போகும் முன்

ஒரிஜினல் மெடிகேர் இந்தியாவில் செல்லாது. அங்கே இருக்கும் நாட்களுக்குத் தனிப் பயணக் காப்பீடு எடுங்கள். டி-ஸ்நிப்பில் இருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாகத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். மெடிகெய்டும் அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கானது. நீண்ட பயணம் என்றால் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொன்று, மெடிகெய்ட் புதுப்பிப்புக் கடிதம். பதில் போகாவிட்டால் உதவி நின்றுவிடும். அத்தை போன டிசம்பரில் ஊருக்குக் கிளம்பியபோது தபால்பெட்டிச் சாவியை எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். கடிதம் ஜனவரியில் வந்தது. அந்தப் பெண் போட்டோ எடுத்து அனுப்பினாள், அன்று ராத்திரியே பதில் போட்டோம்.