ஸ்னோலயும் ஐஸ்லயும் கார் ஓட்டுறவங்களுக்கு

ஃபோர் வீல் டிரைவ் (இன்ஜின் நாலு சக்கரத்தையும் சுத்த வைக்கற வசதி) இருக்கு, நமக்கென்னன்னு மட்டும் கிளம்பிடாதீங்க. அது வண்டி நகர்றதுக்குத்தான் ஒத்தாசை, நிக்கிறதுக்கு இல்ல. நிக்கணும்னா பிடிப்பு டயர்லேர்ந்துதான் வரணும், அதனால செலவு பண்றதா இருந்தா விண்டர் டயர்ல பண்ணுங்க. சாதா டயர் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போனாலே இறுக ஆரம்பிச்சிடும், விண்டர் டயர் அந்தக் குளிர்லயும் இளக்கமா இருக்கும். மாத்தினா நாலையும் மாத்துங்க, முன்னாடி ரெண்டு மட்டும் மாத்தினா வளைவுல பின்பக்கம் வழுக்கிட்டு சுத்திடும்.

கிளம்புறதுக்கு முன்னாடி கண்ணாடி, லைட்டு, மேற்கூரை எல்லாத்துலயும் இருக்கற ஸ்னோவ தள்ளிடுங்க, கூரைல விட்டா பிரேக் போடறப்போ மொத்தமா முன் கண்ணாடில சரிஞ்சு விழுந்து ரோடே தெரியாது. ஐஸ் போகணும்னு சுடுதண்ணி மட்டும் ஊத்தாதீங்க, கண்ணாடி விரிசல் விட்டுடும்.

உண்மையா பயப்பட வேண்டியது பிளாக் ஐஸுக்குத்தான். கண்ணாடி மாதிரி மெல்லிசா இருக்கும், கீழ இருக்கற தார் ரோடு அப்படியே தெரியும், பாத்தா ஏதோ ஈரம்னு தோணும். முன்னாடி போற வண்டியோட டயர பாருங்க. ரோடு ஈரமா மினுங்குது, ஆனா டயர்லேர்ந்து தண்ணி தெறிக்கலன்னா அது ஐஸா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ஸ்டியரிங் திடீர்னு லேசானாலோ டயர் சத்தம் அடங்கினாலோ அதே சந்தேகம் வரணும். பாலத்துக்கு மேலயும் கீழயும் குளிர் காத்து அடிக்கறதால மத்த ரோட்டுக்கு முன்னாடியே அது உறைஞ்சிடும். இன்னொண்ணு, கடுங்குளிரை விட 0 டிகிரி பக்கத்துல இருக்கறப்போதான் ஐஸ் ரொம்ப வழுக்கும், ஏன்னா மேல தண்ணி படலம் நிக்கும்.

ஓட்டுறப்போ எல்லாமே மெதுவா, ஒரு நேரத்துல ஒரு வேலை. டயருக்கு இருக்கற பிடிப்பே கொஞ்சம், அதுல பிரேக்கும் திருப்பமும் ஒண்ணா கேட்டா ரெண்டுமே கிடைக்காது. அதனால வளைவுக்கு முன்னாடியே, வண்டி நேரா இருக்கறப்போவே வேகத்தை கொறைச்சிட்டு அப்புறம் திருப்புங்க. ஐஸ்ல வண்டி நிக்க காஞ்ச ரோட்டை விட பத்து மடங்கு தூரம் கூட ஆகலாம், முன் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல பத்து செகண்டாவது இருக்கட்டும். வேகத்தை தானே ஒரே அளவுல வச்சுக்கற க்ரூஸ் கண்ட்ரோல் வேண்டவே வேண்டாம்.

வழுக்க ஆரம்பிச்சிடுச்சா? ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுங்க, பிரேக்க பதறி மிதிக்காதீங்க, எங்க போகணுமோ அங்க கண்ண வச்சு ஸ்டியரிங்க அந்தப் பக்கம் லேசா திருப்புங்க, மோதப் போற மரத்தையே பாத்துட்டு இருந்தா கையும் அங்கதான் போகும். அவசரமா நிறுத்தியே ஆகணும்னா, ஏபிஎஸ் (பிரேக் போடறப்போ சக்கரம் இறுகி நின்னுடாம பாத்துக்கற வசதி) இருக்கற வண்டில பிரேக்க அழுத்தி மிதிச்சு அப்படியே வைங்க, பெடல் கடகடன்னு அதிரும், பயந்து கால எடுத்துடாதீங்க, அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

மாட்டிக்கிட்டா ஆக்ஸிலேட்டர போட்டு முறுக்காதீங்க, டயர் சுத்தி சுத்தி அடில இருக்கற ஸ்னோ வழவழன்னு ஐஸாயிடும். டயருக்கு முன்னாடி மண்ணோ ஃப்ளோர் மேட்டோ போட்டு மெதுவா நகத்துங்க. நகரவே இல்லன்னா வண்டிக்குள்ளயே இருங்க, ஆனா ஹீட்டருக்காக இன்ஜின் போடறதுக்கு முன்னாடி புகைக்குழாய அடைச்சிருக்கற ஸ்னோவ கையால தோண்டி எடுத்துடுங்க, இல்லன்னா கார்பன் மோனாக்ஸைடுங்கற விஷவாயு உள்ள வந்துடும், வாசனையே தெரியாது. இன்ஜின விட்டு விட்டு போடுங்க, ஒரு ஜன்னல் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்.