கோணிக்குள் ஒரு தோட்டம்: கிபேராவில் கற்ற செய்முறை

கென்யத் தலைநகர் நைரோபியின் பெரிய குடிசைப் பகுதியான கிபேராவிலிருந்து விடியற்காலையில் ஒரு பெரிய கூட்டம் இண்டஸ்ட்ரியல் ஏரியா நோக்கி நடந்து போகும். பெரும்பாலும் இளைஞர்கள். தொழிற்சாலை வாசலில் நின்றால் அன்றைக்கு நாள்கூலி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சுவாஹிலியில் அதற்குப் பெயர் கிபாருவா. பெயர் கூப்பிடப்படாதவர்கள் அதே வழியில் திரும்பி நடப்பார்கள். அப்படித் திரும்பி வந்துகொண்டிருந்த பதினான்கு பேர் சேர்ந்த குழு ஒன்றோடுதான் நான் சனிக்கிழமைகளில் மூட்டைத் தோட்டம், அதாவது கோணியில் மண் நிரப்பி அதன் பக்கங்களிலும் மேலேயும் கீரை வளர்க்கும் தோட்டம், போடக் கற்றுக்கொண்டேன். கிழக்கு ஆப்பிரிக்காவில் இளைஞர் குழுக்களோடு வேலை செய்கிற நம் நண்பர்கள் சிலர் இதையே தொடங்க விரும்பி விவரம் கேட்டார்கள். அவர்களுக்காக, முதல் கோணியிலிருந்து முதல் வருமானம் வரை எழுதுகிறேன்.

ஏன் கோணி? கிபேராவில் ஒரு பாய் விரிக்கும் அளவு மண்கூடச் சும்மா கிடையாது. 2007 டிசம்பர் தேர்தலைத் தொடர்ந்து வந்த கலவரத்தில் அங்கே காய்கறி வரத்தே நின்றுபோனது. அந்தக் காலத்தில் சொலிடாரிடே இன்டர்நேஷனல் என்ற பிரெஞ்சு அமைப்பு மூட்டைத் தோட்டத்தை வீடு வீடாகப் பரப்பியது. 2008-லேயே ரயில் பாதை ஓரத்துக் குப்பைமேடு ஒன்றை ஓர் இளைஞர் குழு சுத்தம் செய்து தோட்டமாக மாற்றியது. 1970-களில் ஆஸ்திரேலியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் பெர்மாகல்ச்சர் என்று பெயர் வைத்த முறையின் சாரம், ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உணவாக வேண்டும் என்பது. சந்தைக் கழிவு எருவாகிறது, பாத்திரம் அலசிய தண்ணீர் கீரைக்குப் போகிறது, பழைய மக்காச்சோளக் கோணி வயலாகிறது. அந்த வகையில் இது முழுக்கப் பெர்மாகல்ச்சர்தான்.

1. கோணியும் மண்ணும்

கென்யாவில் மக்காச்சோளத்தை 90 கிலோ மூட்டையாகக் கணக்கிடுவார்கள். அந்த அளவுக் கோணியை வாங்குங்கள். அவர்கள் அதை குனியா என்பார்கள். பிளாஸ்டிக் இழைக் கோணி மலிவு, ஆனால் வெயிலில் இற்றுப்போகும். என் கோணி ஒன்று ஒரு வருடத்துக்குள் பக்கவாட்டில் கிழிந்து, கீரையோடு மண் முழுவதும் சரிந்தது. கிடைத்தால் கற்றாழை நார்க் கோணி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் கோணியை இரட்டையாகப் போடுங்கள்.

மண்ணைக் கிபேராவுக்குள் எடுக்காதீர்கள். சாக்கடை ஓரம், ரயில் பாதை ஓரம், வண்டிப் பட்டறைப் பக்கம் எல்லாம் ஈயமும் எண்ணெயும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. கோணியின் பெரிய வசதியே கீழே இருக்கிற மண்ணை நம்பத் தேவையில்லை என்பதுதான். வெளியிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து, நாலு தட்டைக் கற்களின் மேல் கோணியை நிறுத்துங்கள். செம்மண் நல்லது. நைரோபியின் கிழக்கிலும் தெற்கிலும் நம் ஊர்க் கரிசலைப் போன்ற மண் இருக்கிறது. கோணிக்குள் அது நனைந்தால் இறுகும், காய்ந்தால் பிளக்கும். அது வேண்டாம்.

கலவை: இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மட்கிய எரு. 20 லிட்டர் தகர டப்பாவை அவர்கள் டெபே என்பார்கள், கேட்டவுடனே நம் டப்பா என்று தெரிந்துவிடும். ஒரு கோணிக்கு இந்தக் கலவை நாலு டெபேக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். பச்சைக் கோழி எருவை நேராகப் போட்டால் நாற்று கருகிவிடும்.

2. நடுவில் கல் தூண்

நான் தடுக்கி விழுந்த இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூட்டையின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு கல் தூண் நிற்க வேண்டும். மேலே ஊற்றுகிற தண்ணீர் அதன் வழியாக இறங்கி, எல்லா மட்டத்திலும் பக்கவாட்டில் கசியும். தூண் இல்லாவிட்டால் மேல் ஒரு சாண் மண் மட்டும் நனையும். கீழ் வரிசை நாற்றுகள் பத்து நாளில் காய்ந்துவிடும்.

முதல் முறை கோணி முழுக்க மண்ணை நிரப்பிவிட்டு, நடுவில் குழி தோண்டிக் கற்களைப் போட்டோம். குழியின் பக்கங்கள் சரிந்து கல்லும் மண்ணும் கலந்துவிட்டன. இரண்டாவது முறை தகர டப்பா வைத்தோம், ஆனால் கல்லுக்குப் பதிலாகச் சாலைக்குப் போடுகிற முர்ரம் சரளையைக் கொட்டினோம். அதில் களி இருக்கிறது. நாலு தடவை தண்ணீர் ஊற்றியதும் சிமென்ட் போல இறுகிப்போனது. எட்டுக் கோணிகளில் கீழ் இரண்டு வரிசையும் போயின. அந்த நாற்றுக்கு எருவைத் தோளில் சுமந்து வந்த பையன் ஒருவன் அடுத்த சனிக்கிழமை வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஒரு தொழில்நுட்பத் தவறு ஓர் ஆளின் நம்பிக்கையை எடுத்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அதனால் குழுவைக் கூட்டி வைத்துப் பரிசோதனை செய்யாதீர்கள். முதல் கோணியை நீங்கள் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

சரியான முறை இதுதான். சந்தையில் மாவு அளக்கிற 2 கிலோ தகர டப்பா, அதாவது கொரொகொரோ, ஒன்றை எடுத்து அடிப்பாகத்தையும் வெட்டி எறியுங்கள். இப்போது அது இரண்டு பக்கமும் திறந்த குழாய். கோணியின் அடியில் ஒரு கை உயரம் மண் போட்டு, நடுவில் டப்பாவை நிறுத்துங்கள். டப்பாவுக்குள் எலுமிச்சம்பழ அளவுக் கற்களை நிரப்புங்கள். கற்களைக் கழுவிப் போடுவது முக்கியம். டப்பாவைச் சுற்றி மண்ணை அதன் உயரத்துக்கு நிரப்பிக் கையால் மெதுவாக அழுத்துங்கள். பிறகு டப்பாவை லேசாகத் திருகியபடி முக்கால் பங்கு மட்டும் மேலே இழுங்கள். முழுக்க உருவினால் மண் உள்ளே சரியும். கால் பங்கு புதைந்தே இருக்கட்டும். மறுபடி கல், மறுபடி மண், மறுபடி இழுப்பு. ஆறேழு முறையில் மேலே வந்துவிடலாம். டப்பாவின் உட்புறம் துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருந்தால் கற்கள் டப்பாவோடு சேர்ந்து மேலே வரும். வழவழப்பான புது டப்பாவே நல்லது.

நடுவதற்கு முன் சோதனை: தூணில் 5 லிட்டர் தண்ணீரை நிதானமாக ஊற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். கோணியின் கீழ்ப்பக்கத்தில் ஒரு விரல் நுழையும் துளை போட்டுத் தொட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

*பின்சேர்க்கை:* தண்ணீர் முழுவதும் அடி வழியாக ஓடிவிடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கோணியின் அடியில், மண்ணுக்கும் கீழே, மணி உதிர்த்த மக்காச்சோளத் தக்கைகளை ஓர் அடுக்குப் பரப்புங்கள். அவை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மட்கும்போது எருவும் ஆகும். இப்போது நாங்கள் எல்லாக் கோணியிலும் இப்படித்தான் செய்கிறோம்.

3. கீறலும் நாற்றும்

பக்கவாட்டில் கூர்மையான கத்தியால் இரண்டு விரல் அகலத்துக்குக் கிடையாகக் கீறுங்கள். சிலர் கூட்டல் குறி போல வெட்டுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, இழை பிரிந்து மண் வெளியே கொட்டும். பிளாஸ்டிக் கோணியாக இருந்தால் கீறலின் ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டினால் இழை பிரியாது. இதை மண் நிரப்புவதற்கு முன்பே செய்துவிடலாம். ஒரு வரிசைக்கு ஏழு கீறல், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் நாலு வரிசை. மேல் கீறல் கீழ் இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். பக்கத்தில் 28 நாற்று, தலையில் வெங்காயமோ குடைமிளகாயோ நாலைந்து.

பக்கவாட்டுக்கு சுகுமா விக்கி. கேல் வகைக் கீரை. சுகுமா என்றால் தள்ளு, விக்கி என்றால் வாரம். சம்பளம் வரும்வரை வாரத்தைத் தள்ளிக்கொண்டு போக உதவுகிற கீரை. நாமும் இப்படித்தானே பொழுதைத் தள்ளுகிறோம் என்கிறோம்! அதோடு உள்ளூர்க் கீரைகளையும் கட்டாயம் வையுங்கள். மனாகு நம் மணத்தக்காளியின் நெருங்கிய உறவு. தெரெரே நம் தண்டுக்கீரை இனம். சாகா என்பது நம் ஊர் வேலியோரத்தில் களையாக நிற்கிற நல்வேளை. இங்கே அதைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள், ருசித்து உண்கிறார்கள். முதல் முறை சந்தையில் பார்த்தபோது என் பாட்டி வீட்டு வேலி நினைவுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

நடும்போது வேர் மடங்கக் கூடாது. விரலால் உள்நோக்கிக் கீழ்ச்சரிவாகத் துளை போட்டு நாற்றை நுழைத்து அழுத்துங்கள். வேலை மாலையில் நடக்கட்டும்.

4. தண்ணீர்

கிபேராவில் தண்ணீரை 20 லிட்டர் கேனில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், தட்டுப்பாடு வந்தால் விலை பல மடங்கு ஏறும். ஆகவே பாத்திரம், காய்கறி அலசிய தண்ணீரே கோணிக்கு. ஒரு நாளைக்கு 5 லிட்டர், பாதி தூணில், பாதி தலையில். சோப்பு அதிகமான முதல் தண்ணீரும் பிளீச் கலந்ததும் வேண்டாம். இலையில் படாமல் ஊற்றுங்கள். அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி வந்தால் இலையின் அடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து, மறுநாள் சாம்பல் தூவினால் பெரும்பாலும் அடங்கும். வேப்பிலைத் தூளும் கடைகளில் கிடைக்கும். வேம்புக்கு இங்கே முவாரோபைனி என்று பெயர். நாற்பது நோய் தீர்க்கும் மரம் என்று பொருள்.

5. இதில் காசு எங்கே?

ஒரு கோணி ஒரு வீட்டுக்கு வாரத்தில் இரண்டு மூன்று வேளைக் கீரை தரும். சாப்பாட்டுச் செலவு குறையும், ஆனால் அது மட்டுமே பிழைப்பு ஆகாது. இந்த உண்மையை இளைஞர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெரிய லாபம் என்று ஆசை காட்டி அழைத்துவந்த திட்டங்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் குழுவில் காசு மூன்று வழியில் வந்தது. கீரையை மாமா ம்போகா எனப்படும் தெருவோரக் காய்கறிக்காரப் பெண்களுக்குக் கொடுப்பது ஒன்று. நாற்று விற்பது இரண்டு. மண்ணும் தூணும் நாற்றுமாகத் தயாரான கோணியை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திக் கொடுப்பது மூன்று. என் அனுபவத்தில் கீரைதான் கடைசி. நாற்றும் தயார்க் கோணியும்தான் குழுவைத் தாங்கின. ஆகவே முதலில் நாற்றங்காலைப் போடுங்கள், கோணி பிறகு வரட்டும்.

நாங்கள் செய்த இன்னொரு தவறு, நாற்பது கோணியையும் ஒரே வாரத்தில் நட்டது. எல்லாம் ஒன்றாக அறுவடைக்கு வந்தன. மாமா ம்போகாக்களிடம் ஏற்கெனவே மழைக்காலக் கீரை குவிந்திருந்தது, நாங்கள் கேட்ட விலையில் பாதிகூடக் கிடைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்து கோணிக்கான விதை மட்டும் போடுகிறோம். சுகுமா நாற்றங்காலில் நாலு வாரம், நட்ட பிறகு முதல் பறிப்புக்கு ஏறக்குறைய ஆறு வாரம். அதன் பிறகு கீழ் இலைகளை மட்டும் வாராவாரம் ஒடித்தால், மேலே நாலைந்து இலை விட்டுவைத்தால், பல மாதம் தரும்.

அந்த முதல் பத்து வாரம்தான் ஆபத்தான காலம். கைக்கு எதுவும் வராது, பையன்கள் மறுபடி தொழிற்சாலை வாசலுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அன்றாடம் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அதற்காகவே முதல் நாளே தெரெரேயும் கொத்தமல்லியும் விதைக்கிறோம். தெரெரே மூன்று நாலு வாரத்தில் பறிக்கலாம். கொத்தமல்லிக்கு இங்கேயும் தனியா என்றே பெயர், அதற்கு எப்போதும் ஆள் உண்டு. வருகிற காசில் பாதியை அந்தச் சனிக்கிழமையே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. மீதி சாமாவுக்கு, நம் சீட்டு போன்ற குழுச் சேமிப்புக்கு. ரொக்கமாக வாங்காதீர்கள். எல்லாம் எம்-பெசாவில், அதாவது கைபேசி வழிப் பணப் பரிமாற்றத்தில், வரட்டும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எல்லார் கண்ணிலும் படும். ரொக்கம் வைத்திருந்த காலத்தில் கணக்கு இடித்து, இரண்டு நல்ல நண்பர்கள் பேசாமல் போனார்கள்.

6. குழுவைப் பதிவு செய்வது

2022-ல் வந்த சமூகக் குழுக்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது பத்துப் பேர் வேண்டும். பதிவுச் சான்று இருந்தால் வங்கிக் கணக்கு திறக்கலாம், 2006-ல் தொடங்கிய அரசின் இளைஞர் நிதியில் கடன் கேட்கலாம். கென்ய அரசியலமைப்பு 18 முதல் 34 வயது வரை இளைஞர் என்கிறது, அதைப் பார்த்து ஆள் சேருங்கள். கடனை மட்டும் இரண்டு மழைக்காலம் கடந்த பிறகு யோசியுங்கள். கோணி வைக்க இடம் தருகிற பள்ளி, தேவாலயம் எதுவானாலும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வாய்மொழிச் சம்மதத்தை நம்பி வைத்த பன்னிரண்டு கோணிகளை ஒரே நாளில் தூக்கச் சொன்னார்கள். நிரம்பிய கோணியை நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்துவது கஷ்டம்.

*பின்சேர்க்கை:* ஜூலையில் கீரை வளரவே மாட்டேன் என்கிறது, மண் கெட்டுவிட்டதா என்று ஒருவர் கேட்டிருந்தார். மண்ணில் குற்றம் இல்லை. நைரோபி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிரும் மேகமும்தான். அந்த மாதங்களில் தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, வாரத்துக்கு ஒரு முறை கோணியைக் கால் சுற்றுத் திருப்பி வைக்க முடிந்தால் நல்லது. அதற்காக இப்போது தட்டைக் கற்களுக்குப் பதில் பழைய டயரின் மேல் நிறுத்திப் பார்க்கிறோம். அக்டோபர் மழைக்கான விதையைச் செப்டம்பர் முதல் சனிக்கிழமை போடுங்கள்.