ஒரே கண்டல், மூன்று வட்டம்

மட்டக்களப்பு வாவிக் கண்டல்களைப் பற்றி ஆய்வு தொடங்கும் முன், உலகத்தில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான ஸ்கோபஸிலிருந்து கட்டுரை விபரங்களை இறக்கி, நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் உருவான விஓஎஸ்வியூவரில் போட்டேன். கட்டுரைகளின் குறிச்சொற்களை வட்டங்களாக வரைந்து காட்டும் மென்பொருள் அது. படம் அழகுதான். ஆனால் நடுவில் 'மாங்குரோவ்', 'மாங்குரோவ்ஸ்', 'மாங்குரோவ் ஃபொரஸ்ட்' என்று மூன்று வட்டங்கள். மூன்றும் நம் கண்டல்தானே!

இதற்கு ஒரு சொல்மாற்றுக் கோப்பு தயாரிக்க வேண்டும். முதல் நிரலின் தலைப்பு 'லேபல்', அதில் இருக்கிற சொல்; இரண்டாவது 'ரிப்ளேஸ் பை', அதில் பதிலுக்கு வரவேண்டிய சொல். எக்செலில் அடித்துக் காற்புள்ளி பிரித்த கோப்பாகச் சேமித்தேன், ஒன்றும் மாறவில்லை. கல்லடி ஊர்க் காற்றில் ஒரு பின்னேரமே போய்விட்டது. டாப் விசையால் பிரித்த வெறும் டெக்ஸ்ட் கோப்பாக்கியதும் சரி, வட்டங்கள் ஒன்றாயின.

அப்புறம் தற்செயலாகக் கண்டது: இரண்டாம் நிரலை வெறுமையாக விட்டால் அந்தச் சொல்லே படத்திலிருந்து போய்விடும். 'ஆர்ட்டிகிள்' போன்ற பயனற்ற குறிச்சொற்களை அப்படித்தான் துரத்தினேன். குறைந்தது 5 தடவை வந்த சொல்லையே மென்பொருள் இயல்பாக எடுக்கும். இரண்டும் மூன்றுமாகச் சிதறிக் கிடந்த 'மீள்நடுகை' வகைச் சொற்கள், சேர்த்த பிறகுதான் படத்தில் தலைகாட்டின. அதுதான் எனக்குத் தேவைப்பட்ட மூலை.