சுவிட்சைத் தட்டும் நேரமும் அணைக்கும் நேரமும்: காப்பி அரவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் காப்பித்தூள் ஆலையில் மிஷின் ஆபரேட்டர் என்று சொன்னால், ஊரில் இருப்பவர்கள் "மிஷின்தானே அரைக்குது, நீ பக்கத்துல நிக்கிற, அதுக்கு இவ்ளோ அலட்டலா?" என்பார்கள். பாதி உண்மைதான். இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது நமக்கு வேலை குறைவு. இத்தனை வருடத்தில் நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி அப்போது நடந்தவை அல்ல. தொடங்குகிற இரண்டு நிமிடத்திலும், நிறுத்துகிற ஐந்து நிமிடத்திலும், நடுவில் அடைத்துக்கொண்டு நிற்கும்போதும் நடந்தவை. காலையில் லாரி காத்திருக்கிறது, மாலையில் பேருந்து போய்விடும். இரண்டுக்கும் நடுவில் புத்தி கொஞ்சம் தடுமாறும்.

முதலில் தொடங்கும் நேரம். புதிதாக வருபவர்கள் ஹாப்பரில் (மேலே கொட்டை போடும் புனல் தொட்டி) கொட்டையை முழுதாகக் கொட்டிவிட்டு, அதன் அடியில் இருக்கும் ஷட்டரையும் (கொட்டையை இறக்கும் அடைப்புத் தகடு) திறந்து வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் பச்சைப் பொத்தானை அழுத்துவார்கள். அரைக்கும் இரும்புத் தட்டுகளுக்கு நடுவே கொட்டை இறுகிக் கிடக்கும். மோட்டார் "ம்ம்ம்" என்று முனகும், சுற்றாது, ஓவர்லோடு (சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். சரி, விழுந்தது நல்லதுக்குத்தான். ஆனால் அடுத்து செய்வதுதான் பெரிய தவறு: ரீசெட் செய்து மறுபடி அழுத்துவது, மறுபடி விழுந்தால் மறுபடி அழுத்துவது. மூன்றாவது முறைக்குள் மோட்டாரிலிருந்து வார்னிஷ் கருகும் வாடை வந்துவிடும். வெறும் இயந்திரத்தை ஓடவிட்டு, வேகம் பிடித்த பிறகு ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். ஒரு முறை விழுந்தால் மின்சாரத்தை அணைத்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத்தான் அடுத்த முயற்சி.

தூளின் அளவைச் சரிசெய்யும் சக்கரமும் அப்படித்தான். இயந்திரம் நிற்கும்போது பொடியாக அரைக்கும் பக்கம் திருகினால், தட்டுக்கு நடுவே சிக்கிய கொட்டைகள் ஆப்பு வைத்ததுபோல் பிடித்துக்கொள்ளும். ஓடும்போதுதான் நெருக்க வேண்டும், அதுவும் துளித்துளியாக. தட்டும் தட்டும் உரசினால் 'க்ரீச்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். கேட்ட உடனே பின்வாங்க வேண்டும். கேட்காததுபோல் இருந்துவிட்டால் தூளோடு இரும்புத் துகளும் மூட்டைக்குப் போகும்.

இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன், இது நான் வேலைபார்த்த ஓர் இடத்தில் நடந்தது. இயந்திரத்தை ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு மாற்றி, புது பிளக் போட்டுக் கொடுத்தார்கள். காலையில் ஓட்டினேன், ஓடியது. ஆனால் தூள் வழக்கத்தைவிடக் குறைவாக விழுந்தது, கைக்குச் சுட்டது, மாவுபோல் இருந்தது. தட்டு தேய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் நெருக்கினேன். அரை மூட்டை போன பிறகுதான் மெக்கானிக் அண்ணன் வந்து, மோட்டார் மேல் இருந்த அம்புக்குறியைக் காட்டினார். மோட்டாருக்கு வரும் மூன்று ஃபேஸ் மின்கம்பிகளில் இரண்டு இடம் மாறியதால் மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெட்டும் முனைக்குப் பதில் அதன் முதுகு கொட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மின்வேலை எது நடந்தாலும், கொட்டையைக் கொட்டுவதற்கு முன் வெறுமனே ஒரு நொடி தட்டிப் பார்த்து அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள்.

இப்போது இங்கத்திய கோப்பிக் கொட்டைக்கு வருவோம் (சிங்கப்பூர்க் கடைகளில் காப்பியைக் கோப்பி என்பார்கள்). ஊரில் காப்பிக் கொட்டை அரைத்துப் பழகியவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். கோப்பிக் கடைகளுக்குப் போகும் கொட்டை பெரும்பாலும் ரொபஸ்டா. வறுக்கும்போதே சர்க்கரையும் மார்ஜரினும் சேர்ப்பார்கள். வறுத்து ஆறவைக்கும் தட்டில் கொட்டினால் கடலைமிட்டாய் மாதிரி பாளமாக இறுகும். அதை உடைத்துத்தான் அரவைக்குக் கொண்டுவருவார்கள். உள்ளே சூடு இருக்கும்போதே ஹாப்பரில் போட்டால் சர்க்கரை இளகித் தட்டின் பள்ளங்களில் தார்போல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது உரசி இன்னும் சூடேறும், சூட்டில் இன்னும் ஒட்டும். மேலாக ஆறியதைத் தொட்டுப் பார்த்து ஏமாறக்கூடாது. பெரிய கட்டி ஒன்றை உடைத்து நடுவில் விரலை வைத்துப் பாருங்கள்.

வறுத்த இடத்திலிருந்து நேராக வரும் கொட்டையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எங்காவது ஒரு கொட்டைக்குள் கனல் அணையாமல் இருந்தால், அது அரவைக்குள் போய்த் தூளோடு சேர்ந்து புகைய ஆரம்பிக்கும். வறுத்த வாசனைக்கும் கருகும் வாசனைக்கும் வித்தியாசம் தெரிய ஒரு மாதம் போதும். தெரிந்தபின் சந்தேகம் வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

அரைக்கும் பதமும் ஆளுக்கு ஆள் மாறும். கோப்பிக் கடையில் துணி வடிகட்டியில் கொதிநீர் ஊற்றி இழுப்பார்கள், அதனால் கொரகொரப்பாக வேண்டும். பொடியாகிவிட்டால் துணி அடைத்துக்கொள்ளும், சாறு கசக்கும், மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடைக்கார அங்கிளிடமிருந்து போன் வரும். தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதி) பித்தளை ஃபில்டருக்கு வாங்குபவர்களுக்கு அதைவிடப் பொடியாக வேண்டும். கோப்பி அரைத்த இயந்திரத்தில் சுத்தம் செய்யாமல் ஃபில்டர் காப்பியை அரைத்தால், முதல் சில கிலோவில் சர்க்கரை வாடையும் மார்ஜரின் பிசுக்கும் தெரியும். அடுத்து அரைக்கப்போகும் கொட்டையிலேயே கொஞ்சம் போட்டு ஓட்டி, அதை ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்க மனமில்லாமல் அதையும் மூட்டையில் சேர்ப்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதுதான், என் பார்வையில்.

அடைப்பு எடுக்கும் விஷயத்தில் மட்டும் நான் யாரிடமும் சிரித்துப் பேசுவதில்லை. கொட்டை இறங்கவில்லை என்றால் கை தானாக ஹாப்பருக்குள் போகும். "ரெண்டு செகண்டுதானே அண்ணே" என்பான் பையன். அந்த ரெண்டு செகண்டில் தட்டு எத்தனை முறை சுற்றும் என்று அவன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டான். குச்சியால் குத்துவதும் சரியில்லை. குச்சி உள்ளே போனால் மரத்தூளும் சேர்ந்து வரும், சில நேரம் குச்சியோடு கையும் இழுபடும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மட்டும் போதாது, ஐசொலேட்டரை (இயந்திரத்துக்கு வரும் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் குனிந்திருக்கும்போது வேறொருவர் 'யாரோ அணைச்சு வச்சிருக்காங்க' என்று தட்டிவிடக் கூடும்.

மூடியைத் திறந்தால் இயந்திரம் நின்றுவிடும் பாதுகாப்பு சுவிட்சில் காந்தத்தை ஒட்டி ஏமாற்றி வைத்திருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன். வேகமாக வேலை முடியும் என்பார்கள். அந்தக் காந்தத்தைக் கண்டால் எடுத்து சூப்பர்வைசர் மேசையில் வையுங்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006 முதல் நடப்பில் இருக்கிறது. பாதுகாப்புச் சாதனத்தைச் சிதைப்பவர் தொழிலாளியாக இருந்தாலும் அவருக்கும் அதில் பொறுப்பு உண்டு.

நம் ஆட்களுக்கென்று தனியாக ஒன்று: கயிறு. கோயில் கயிறு, தைப்பூசத்துக்குக் கட்டிய காப்பு, கார்த்திகையில் கழுத்தில் தொங்கும் ஐயப்ப மாலை. கழற்றக்கூடாது என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் சுற்றும் இயந்திரத்துக்கு அது தெரியாது. அந்த நாட்களில் சூப்பர்வைசரிடம் சொல்லி மூட்டை கட்டும் பக்கம் மாறிக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. சுற்றும் பாகத்துக்குப் பக்கத்தில் கையுறை போடுவதும் இதே கதைதான். விரல் நுனியைப் பிடித்தால் கையுறை முழுக் கையையும் இழுத்துவிடும்.

சின்னக் காயத்தை மறைப்பதும் தவறுதான். வேலையிட விபத்துக்காக ஒரே ஒரு நாள் மருத்துவ விடுப்பு கிடைத்தாலும் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். "நான் வீட்டில் விழுந்தேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டால், பிறகு விரல் சீழ் பிடிக்கும்போது இழப்பீடு கேட்க வழியில்லாமல் போகும்.

அப்புறம் தூசு. காப்பித் தூசு கண்ணுக்கு அழகாக இருக்கும், மணக்கும். ஆனால் காற்றில் மிதக்கும் உணவுத் தூசு பெரும்பாலும் தீப்பற்றக்கூடியது. 2021 பிப்ரவரி 24-ல் இங்கே துவாஸ் பகுதியில் தொழிற்சாலை ஒன்றில் முதலில் வெடித்தது கலவை இயந்திரத்தைச் சுற்றியிருந்த, சூடாக்கும் எண்ணெய் நிரப்பிய உறை. அதன்பின் உருளைக்கிழங்கு மாவுத் தூள் தீப்பற்றிப் பரவியது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். இதைச் சொன்ன பிறகு, காற்றுக் குழாயால் இயந்திரத்தை 'புஸ்' என்று ஊதிச் சுத்தம் செய்யாதே என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊதினால் தூசு போகாது, மேலே விட்டத்தில் போய் உட்காரும். தூரிகையும் அதற்கென்ற வேக்குவமும்தான் சரி.

மணத்தை ரசிக்கத் தொட்டிக்குள் தலையை விடும் பழக்கமும் பலருக்கு உண்டு. புதிதாக அரைத்த காப்பியிலிருந்து நுரையீரலைக் கெடுக்கும் டையசெட்டில் போன்ற ஆவிகளும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் வெளிவரும். மூடிய தொட்டியில் அவை தேங்கி நிற்கும். வெளியே நின்று முகர்ந்தாலே மணம் தெரியும்.

சத்தம் பற்றி ஒரு வரி: ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் காதடைப்பான் தேவைப்படும் இடம்தான் அது. எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 85 டெசிபல்.

மாலையில் நிறுத்தும்போது ஷட்டரை மூடிவிட்டு, உள்ளே இருப்பது முழுதும் அரைந்து வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். சத்தம் மாறுவது தெளிவாகத் தெரியும்: கரகரப்பு போய் வெறும் 'ஊ' என்ற ஓசை வரும். அதற்குப் பிறகு அணைத்துத் துடைக்கலாம். தண்ணீர் படாமல், உலர்ந்த துணியால் மட்டும்.

சிக்கரி சேர்த்து அரைக்கும் நாளில் இதை விட்டால் தொலைந்தோம். ஃபில்டர் காப்பிக் கலவைக்கு 80க்கு 20, 70க்கு 30 என்று கேட்பார்கள். சிக்கரி காற்றில் உள்ள ஈரத்தை அப்படியே உறிஞ்சும், சிங்கப்பூரில் ராத்திரி ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் மழையில் கடைசி பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் தட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போனேன். காலையில் பார்த்தால் கருங்கல். தட்டைக் கழற்றி மரச்சுத்தியாலும் உளியாலும் பள்ளம் பள்ளமாகப் பெயர்த்து எடுத்து முடிப்பதற்குள் பத்து மணி டீயும் ஆறிப்போயிருந்தது.